பிக்கப் வண்டிக்கு சைடு ஸ்டெப்: வாங்குவதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள்

பிக்கப் வாங்கியவர்கள் முதலில் மாட்டும் பொருள்களில் ஒன்று சைடு ஸ்டெப். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கால் வைத்து ஏறுவதற்காக ஓடும் பலகை அல்லது பைப். துணைப்பொருள் கடையில் இதைப் பற்றி விசாரித்தால் மூன்று வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "பைப் செம கனம் சார், யானையே ஏறலாம்." "பக்கத்துல யாராவது இடிச்சாலும் இது வாங்கிக்கும்." "காந்தம் ஒட்டலை பாருங்க, அசல் எஸ்.எஸ்., ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றையும் அப்படியே நம்பி வாங்கினால் காசு வீணாகும்.

இந்தியாவில் 2016இல் இசுசு வி-கிராஸ் வந்தது, 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. சரக்கு ஏற்றுவதற்கு மட்டும் என்று இருந்த பிக்கப், குடும்பத்தோடு போகும் வண்டியாகவும் ஆகிவிட்டது. லோடு வண்டியில் ஏறி இறங்குபவர் பெரும்பாலும் டிரைவர், கிளீனர். குடும்ப வண்டியில் பாட்டியும் ஏற வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏற வேண்டும். அங்கேதான் இந்தக் கேள்வி வருகிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அந்த மாதிரி நான்கு கதவு பிக்கப்பை மனதில் வைத்துத்தான்.

## ஏறுவதற்கு ஒன்று, உரசலைத் தாங்க இன்னொன்று

கடைக்காரர் எல்லாவற்றையும் "ஃபுட் ஸ்டெப்" என்றே சொல்வார். ஆனால் உள்ளே வேறுவேறு சாமான்கள் இருக்கின்றன.

தட்டையாக, அகலமாக, பலகை போல இருப்பது ரன்னிங் போர்டு. கால் முழுசாகப் பதியும். வயதானவர்களுக்கு இதுதான் வசதி. அடுத்தது பைப் ஸ்டெப்: உருண்டையான அல்லது முட்டை வடிவக் குழாய், கதவுக்கு நேராக மட்டும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. அதே பைப்பில் கதவுக்கு நேராக ஒரு வளையம் கீழே இறங்கித் தொங்கினால் அது இறக்க ஸ்டெப். உயரம் குறைந்தவர்களுக்கு நல்லது. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைத் தின்பதிலும் இதுதான் முதலிடம்.

கதவு திறந்தால் மோட்டாரில் கீழே இறங்கி, மூடினால் உள்ளே போய்விடும் வகையும் உண்டு. அமெரிக்காவில் பெரிய பிக்கப்புகளில் அதிகம் காணலாம். நம் ஊர்ச் சேறும் சரளைக் கல்லும் அதன் கீலுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் இங்கே அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

கடைசியாக ராக் ஸ்லைடர். இதைத்தான் பலர் சைடு ஸ்டெப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். பாறைகள் நிறைந்த பாதையில் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, கதவின் அடிப்பகுதி பாறையில் உட்காரும் நிலை வந்தால், உடம்புத் தகடு நசுங்காமல் வண்டியின் எடையைத் தன்மேல் வாங்கிச் சறுக்கவிடும் கனமான இரும்புச் சட்டம் அது. இந்த வகை பிக்கப் ஏறக்குறைய 2 டன். அதில் ஒரு பக்கத்துப் பாரம் என்றாலே 1 டன் அளவு. ஏறும் மனிதரின் எடைக்குச் செய்த பைப் ஸ்டெப்பை அந்த வேலைக்கு நம்பினால், அது மடங்கிப்போய்க் கதவின் அடிப்பகுதியில்தான் இடிக்கும். ராக் ஸ்லைடரில் கால் வைத்து ஏறலாம். சைடு ஸ்டெப்பை வைத்துப் பாறையில் சறுக்க முடியாது.

பக்கத்தில் இன்னொரு வண்டி இடிப்பது இன்னும் வேறு கதை. அந்த அடியைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை கதவுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் தண்டும், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் தூணும், கதவடிச் சட்டமும். வண்டிக் கம்பெனி அவற்றைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. சந்தையில் வாங்கி நான்கு போல்ட்டில் மாட்டிய பைப் அந்தக் கணக்கில் இல்லை. பார்க்கிங்கில் இன்னொரு காரின் கதவு படுவது, ஸ்கூட்டர் லேசாக உரசுவது, முன் டயர் தெறிக்கும் கல் படுவது, இந்த அளவில் அது உதவும். அவ்வளவுதான். லாரிகளின் பக்கவாட்டில், இரு சக்கர வண்டிக்காரர் பின் சக்கரத்துக்குள் போய்விடாமல் தடுக்க ஒரு தடுப்பு இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அதையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு வேலைக்கான சாமான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஏறுவதற்கு ரன்னிங் போர்டு, பைப் ஸ்டெப், இறக்க ஸ்டெப். பாறையில் உரசுவதற்கு ராக் ஸ்லைடர். விபத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை.

## பைப் எவ்வளவு கனம் என்பது இரண்டாவது கேள்வி

இனி "யானையே ஏறலாம்" என்பதை எடுத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் ஜன்னலுக்கு மேல் இருக்கும் சன்ஷேடில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரை ஒட்டியே நிற்பார். நுனிக்குப் போகமாட்டார். அவருடைய எடை மாறவில்லை, சன்ஷேடும் மாறவில்லை, ஆனாலும் நுனி ஆபத்து என்று அவருக்குத் தெரியும். சன்ஷேட் பெயர்ந்து விழும்போது கவனித்தால் இன்னொன்றும் புரியும். நடுவில் இரண்டாக உடைவதைவிட, சுவரோடு சேரும் இடத்தில் விட்டுப்போவதுதான் வழக்கம்.

சைடு ஸ்டெப்பும் அப்படித்தான். வண்டியின் உடம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முனையில் மட்டும் பிடிப்பு, மறுமுனை அந்தரத்தில். அதைப் பிடித்து நிறுத்துவது பிராக்கெட், அதாவது ஸ்டெப்பையும் வண்டியையும் இணைக்கும் வளைந்த இரும்புத் துண்டு. நீங்கள் நுனியில் நிற்கும்போது உங்கள் எடை கீழே அழுத்துவதோடு விடுவதில்லை, பிராக்கெட்டைத் திருகிப் பெயர்க்கவும் பார்க்கிறது. அந்தத் திருகலுக்குத் திருப்புத்திறன் என்று பெயர். எடையையும், பிடிப்பிலிருந்து நீங்கள் நிற்கும் இடம் வரை உள்ள தூரத்தையும் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

ஒரு கணக்கு. 80 கிலோ எடையுள்ளவர் ஒரு பிராக்கெட்டுக்கு நேராக நிற்கிறார். போல்ட் இருக்கும் இடத்திலிருந்து அவருடைய கால் 25 செ.மீ. வெளியே இருக்கிறது. 80ஐ 25ஆல் பெருக்கினால் 2000. பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக 8 செ.மீ. இடைவெளியில் இருந்தால், 2000ஐ 8ஆல் வகுக்க வேண்டும். 250. அதாவது மேல் போல்ட்டை 250 கிலோ விசை வெளியே இழுக்கிறது. ஏறியவர் 80 கிலோதான்!

இதே ஆள் 15 செ.மீ. தூரத்தில் நின்றால் அந்த இழுப்பு 150 கிலோவாக இறங்கிவிடும். போல்ட்டுகளின் இடைவெளியை 8லிருந்து 5 செ.மீ. ஆக்கினால், 25 செ.மீ. தூரத்தில் அது 400 கிலோவாக ஏறும். இத்தனைக்கும் அவர் மெதுவாக ஏறி அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு இது. பாரத்தைத் திடீரென்று ஒரு பொருளின்மேல் போட்டால், மெல்ல வைப்பதைப்போல இரண்டு மடங்கு விளைவு வரும். பள்ளி முடிந்து ஓடிவந்து ஸ்டெப்பில் குதித்து ஏறும் பையன் அப்பாவைவிட அதிகமாக அதைச் சோதிக்கலாம்.

சரி, போல்ட் அறுந்துவிடுமா? அதுதான் இல்லை. தலையில் 8.8 என்ற பலத் தர எண் பொறித்த, 10 மி.மீ. தடிமனுள்ள ஒரு போல்ட் 3 டன்னுக்கு மேல் இழுத்தாலும் நிரந்தரமாக நீளாமல் தாங்கும். அதனால் போவது வேறு இடம்: போல்ட் எதில் மாட்டப்பட்டிருக்கிறதோ அந்த மெல்லிய தகடு, இல்லையென்றால் பிராக்கெட்டின் வெல்டிங். யானை பைப்பின்மேல் ஏறத்தான் செய்யும். பிறகு பிராக்கெட்டோடு சேர்ந்து கீழே வரும்.

பைப்பின் பலம் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. அதிலும் எது முக்கியம் என்று பார்க்க வேண்டும். தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் பைப்பின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் தடிமனை அப்படியே வைத்து, குறுக்களவை 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். இன்னொன்று இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்: இரண்டு பிராக்கெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம். அந்தத் தூரம் பாதியானால் நடுவில் வளைவது எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே இரண்டு பிராக்கெட்டில் தொங்கும் தடித்த பைப்பைவிட, மூன்று பிராக்கெட்டில் நிற்கும் சாதாரண பைப் பெரும்பாலும் மேல்.

அட்டைப் பெட்டியில் "250 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பார்கள். ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா? பிராக்கெட்டுக்கு மேலேயா, இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவிலா? அசையாத பாரமா, குதிக்கும் பாரமா? இவற்றுக்குப் பதில் இல்லாத எண்ணால் ஒரு பயனும் இல்லை.

சுருக்கம்: ஸ்டெப் எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ அவ்வளவு திருகல். அதைச் சமாளிப்பது பிராக்கெட்டின் எண்ணிக்கையும் அது பிடித்திருக்கும் இடமும். பைப்பின் கனம் அதற்குப் பிறகு.

## எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

அப்படியானால் அந்தப் பிடிமானம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். தலைப்பில் குனிந்து பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

பிக்கப்புகள் பெரும்பாலும் ஏணிச் சேஸிஸ் மேல் கட்டப்பட்டவை. நீளவாக்கில் இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள், பார்க்க ஏணி மாதிரி. எஞ்சின், சக்கரங்கள், சரக்குத் தொட்டி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. நாம் உட்காரும் கேபின் தனி. அது சேஸிஸின்மேல் ரப்பர் தாங்கிகள் வைத்து உட்கார்ந்திருக்கிறது. சாதாரண கார்களில் இப்படித் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பே சட்டம்.

இதனால் ஸ்டெப்பை இரண்டு விதமாக மாட்டலாம். ஒன்று, சேஸிஸில். பலமான இடம்தான். ஆனால் சேஸிஸ் சட்டம் உள்ளே தள்ளி இருப்பதால் பிராக்கெட் நீளமாக இருக்க வேண்டும், திருகலும் கூடும். சட்டம் தடித்தது என்பதால் அதைச் சமாளித்துவிடும், பிராக்கெட்டும் தடித்ததாக இருந்தால். இன்னொன்று, கேபினின் கதவடிச் சட்டத்தில். பிராக்கெட் குட்டையாக இருந்தால் போதும், ஆனால் பிடித்துக்கொள்ளும் இடம் தகடு.

கேபினில் மாட்டுவது தப்பு என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. ஃபோர்டு எஃப்-150 மாதிரி அமெரிக்க பிக்கப்புகளில் ரன்னிங் போர்டு கேபினின் அடிச் சட்டத்தில்தான் மாட்டப்படுகிறது. கம்பெனி அந்த இடத்தில் உள்ளே வலுக்கூட்டி, திருகு வைத்தே அனுப்புகிறது. கம்பெனி வைத்த துளையில் மாட்டினால் கேபினும் சரியான இடமே. கடைக்காரர் டிரில்லை எடுத்துக் கதவடித் தகட்டில் புதுத் துளை போட்டு மாட்டுவதுதான் தப்பு. அங்கே உள்பக்கம் வலுக்கூட்டல் இல்லை, பெயிண்ட் போன துளையின் ஓரத்தில் துரு பிடிக்கும், கொஞ்ச நாளில் அந்த இடம் பல்லிளிக்கும்.

சேஸிஸில் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேபின் ரப்பரின்மேல் இருப்பதால் கரடுமுரடான பாதையில் கேபினும் சேஸிஸும் தனித்தனியாகக் கொஞ்சம் அசையும். ஸ்டெப் சேஸிஸோடு போகும், கதவடி கேபினோடு போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். இடைவெளியே தெரியாமல் ஒட்டிவைத்தால் பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் கிறீச்சென்று சத்தம் வரும், பெயிண்டும் உரியும்.

## உயரம்: கடையில் யாரும் அளக்காத அளவு

சைடு ஸ்டெப் மாட்டிய பிறகும் அம்மாவால் ஏற முடியவில்லை என்ற குறை சகஜம். காரணம் எளிது. ஸ்டெப் அழகுக்காகக் கதவடியோடு ஒட்டி உயரமாக மாட்டப்பட்டிருக்கும்.

டேப் எடுத்து இரண்டு அளவு எடுங்கள். தரையிலிருந்து கேபின் தளம் வரை ஒன்று. தரையிலிருந்து ஸ்டெப்பின் மேல்பரப்பு வரை ஒன்று. தளம் 24 அங்குல உயரத்தில் இருக்கிறது, ஸ்டெப் 20 அங்குலத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முதலில் 20 அங்குலம் காலைத் தூக்க வேண்டும், பிறகு 4 அங்குலம். ஆறேழு அங்குல மாடிப்படிக்கே முழங்காலைப் பிடித்துக்கொள்பவருக்கு அந்த 20 அங்குலம் மலை. அவருக்கு ஸ்டெப் இருப்பதும் இல்லாததும் ஒன்று. அதே ஸ்டெப் 15 அங்குலத்தில் இருந்தால் 15, பிறகு 9. கஷ்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

முடிந்தால் வண்டியில் அதிகம் ஏறப்போகும் வயதானவரையே கடைக்கு அழைத்துப்போய், மாதிரிக்கு மாட்டிவைத்திருக்கும் வண்டியில் ஏறச் சொல்லுங்கள். இருபது வயது விற்பனையாளர் ஏறிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது அகலம். மொத்த அகலம் 6 அங்குலம் என்பார்கள். அதில் பாதி வண்டியின் அடியில் ஒளிந்திருந்தால் உங்கள் காலுக்குக் கிடைப்பது 3 அங்குலம்தான். கதவை மூடி, உடம்பின் வெளிக்கோட்டிலிருந்து ஸ்டெப்பின் ஓரம் வரை எவ்வளவு நீட்டுகிறது என்று அளக்க வேண்டும். பாதத்தின் முன்பாதி நன்றாகப் பதிய 4 அங்குலமாவது வேண்டும் என்பது என் கணக்கு. ஆனால் நீட்ட நீட்டத் திருகலும் கூடும் என்று மேலே பார்த்தோம். குறுகலான பார்க்கிங்கில் இறங்கும்போது காலில் இடிக்கும். உயரமானவர்கள் நேராகத் தரையில் கால் வைத்து இறங்குவார்கள், அவர்களுடைய கெண்டைக்காலில் ஸ்டெப்பின் சேறு முழுவதும் ஒட்டும். வெள்ளை வேட்டிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே ஸ்டெப் கிடையாது. வீட்டில் யாருக்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மேல்பரப்பையும் தொட்டுப் பாருங்கள். பல் பல்லாக வெட்டிய இரும்புச் சல்லடை ஷூவுக்கு நல்ல பிடி, சேறும் கீழே கொட்டிவிடும். ஆனால் தேய்ந்த ரப்பர் செருப்பையும் வெறுங்காலையும் பதம் பார்க்கும். வழுவழுப்பான பாலிஷ் பைப் மழையில் வழுக்கும். வரிவரியான ரப்பர் பட்டை நம் பழக்கத்துக்கு நடுத்தரம். அது ஒட்டியிருக்கிறதா, திருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியது வெயிலில் பெயரும்.

கைப்பிடியை மறந்துவிடாதீர்கள். ஸ்டெப்பில் ஒரு கால் வைத்து உடம்பைத் தூக்கும்போது கை எதையாவது பிடிக்க வேண்டும். பின் கதவுக்குப் பக்கத்துத் தூணில் கைப்பிடி இல்லாத வண்டியில், எவ்வளவு நல்ல ஸ்டெப் போட்டாலும் பின்சீட்டுக்காரர் தடுமாறுவார்.

## கீழே எவ்வளவு தொங்கலாம்?

ஸ்டெப் தாழ்வாக இருந்தால் ஏறுவது சுலபம். ஆனால் தாழ்ந்த அளவு தரை இடைவெளி போய்விடும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இல்லை, எந்தப் பக்கம் சாய்வது என்று தேர்ந்தெடுக்கலாம்.

பிக்கப்புக்கு இதில் கூடுதல் தொந்தரவு ஒன்று உண்டு. ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3085 மி.மீ. மாருதியின் ஐந்து கதவு ஜிம்னிக்கு அது 2590 மி.மீ. அச்சுகளின் தூரம் கூடக்கூட, வண்டி ஒரு மேட்டைத் தாண்டும்போது முன் சக்கரம் இறங்கிய பிறகும் பின் சக்கரம் ஏறாமல், வயிற்றுப் பகுதி மேட்டின் உச்சிக்கு அருகில் வந்துவிடும். சைடு ஸ்டெப் தொங்குவது சரியாக அந்த வயிற்றில்தான். வயிறு தட்டாமல் எவ்வளவு கூர்மையான மேட்டைத் தாண்டலாம் என்பதை மேடு தாண்டும் கோணம் என்பார்கள். தாழ்ந்த ஸ்டெப் அந்தக் கோணத்தைக் குறைக்கிறது.

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பரிந்துரைக்கும், வில்போல வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அப்படிக் கட்டிய வேகத்தடையில் எந்த பிக்கப்பின் ஸ்டெப்பும் இடிக்காது. ஊருக்குள் ஒரே இரவில் முளைக்கும் வேகத்தடைகளுக்கு எந்தப் பரிந்துரையும் தெரியாது, அது வேறு. நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓட்டுபவர் ஸ்டெப் தாழ்வாக இருப்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தோட்டம், மலைப்பாதை, ஆற்று மணல் என்று போகிறவர் இறக்க ஸ்டெப்பைத் தவிர்ப்பது நல்லது. பாறைப் பாதையே பொழுதுபோக்கு என்றால் ராக் ஸ்லைடர் வாங்குங்கள், அதன் கனத்தையும் விலையையும் ஏற்றுக்கொண்டு.

டயர் மாற்றும்போது ஜாக்கியை ஸ்டெப்புக்கு அடியில் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் புத்தகத்தில் ஜாக்கி வைக்கும் இடம் குறித்திருக்கும். புது ஸ்டெப் அந்த இடத்தை மறைக்காமல் இருக்கிறதா என்று மாட்டும் அன்றே பார்த்துவிடுங்கள்.

## காந்தம் சொல்வதும் சொல்லாததும்

பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயிண்ட்) போட்ட இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம். சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை இந்த மூன்றுதான்.

காந்தச் சோதனை கடைகளில் ஒரு சடங்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல ரகங்கள். 304 என்ற ரகத்தில் 18 சதவீத அளவு குரோமியமும் 8 சதவீத அளவு நிக்கலும் இருக்கும், துருவை நன்றாக எதிர்க்கும். 202 என்ற ரகத்தில் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு, துரு எதிர்ப்பும் குறைவு. இரண்டிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று முடிவுக்கு வர முடியாது. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் இந்த வித்தியாசம் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும்.

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, சிவப்புத் துருவும் வராது. ஆனால் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் நல்ல அலுமினியப் பலகையின் அடிப்பக்கம் ஆழமாக, உள்ளே அறை அறையாகச் செய்யப்பட்டிருக்கும். வெறும் தகட்டை மடித்தது போல இருந்தால் வேண்டாம்.

பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு எனக்குப் பிடித்த நடுவழி. விலை குறைவு, விறைப்பு அதிகம், கீறினால் பெயிண்ட் தொட்டுக்கொள்ளலாம். ஒரே எதிரி உள்ளிருந்து வரும் துரு. பைப்பின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இருக்காது. அடிப்பக்கத்தில் வடிதுளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

## சட்டம் பற்றிக் கொஞ்சம்

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. பேச்சு அதைப் பற்றித்தான் என்றாலும், 52ஆம் பிரிவின் அடிப்படை எல்லா மாற்றங்களுக்கும் பொது: பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அகலம் தயாரிப்பாளர் குறிப்பிடும் விவரங்களில் ஒன்று. ஹைலக்ஸுக்கு அது 1855 மி.மீ. ஸ்டெப்பின் வெளி ஓரம் மட்கார்டின் வெளிக்கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது சட்டத்துக்கும் நல்லது, நெரிசலில் பக்கத்தில் வரும் பைக்காரரின் முழங்காலுக்கும் நல்லது. வண்டி வாங்கும்போதே ஷோரூமில் கம்பெனியின் சொந்த ஸ்டெப்பை மாட்டிக்கொள்வது தலைவலி குறைந்த வழி. வெளியே வாங்கினால், இன்சூரன்ஸ் பாலிசியில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

## மாட்டும் நாளில்

பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைப் பிரித்து பிராக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெல்டிங் சுற்றிலும் முழுசாக ஓடியிருக்கிறதா, இரண்டு புள்ளி வைத்து விட்டிருக்கிறார்களா? உங்கள் வண்டியின் மாடலுக்கென்று செய்ததா, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நீளத் துளை போட்டதா? மாடலுக்கென்று செய்த பிராக்கெட் கம்பெனி வைத்த துளைகளில் சரியாக உட்காரும். உட்காரவில்லை என்றால் "ஒரு சின்ன துளை போட்டுக்கலாம் சார்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேஸிஸில் வெல்டிங் வைப்பதற்கும் அதே பதில். சேஸிஸை ஒட்டி பிரேக் குழாயும் டீசல் குழாயும் வயர்களும் ஓடும். பிராக்கெட் அவற்றை நசுக்காமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும், இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவில், வெளி ஓரத்தில் ஏறி நின்று மெதுவாக உடம்பை ஆட்டுங்கள். கூட வந்தவரைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பைப் கொஞ்சம் வளைந்து திரும்பி வந்தால் பரவாயில்லை. பிராக்கெட்டின் அடியில் அசைவு தெரிந்தாலோ, கதவடித் தகடே சேர்ந்து மூச்சு விடுவதுபோல உள்ளும் வெளியும் போனாலோ அந்த மாட்டல் சரியில்லை. அப்போதே கழற்றச் சொல்லுங்கள்.

500லிருந்து 1000 கி.மீ. ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய எதுவும் முதல் சில நாளில் கொஞ்சம் தளரும். அப்போது ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த சர்வீஸில் வண்டியைத் தூக்கும்போது கோடு நேராக இருந்தால் ஸ்பேனரை எடுக்க வேண்டியதில்லை. உடைந்து விலகியிருந்தால் அந்தப் போல்ட் மட்டும் சுற்றியிருக்கிறது.